பக்கத்துக் கட்டில் அம்மா

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையை மனநல வார்டில் சேர்த்தால், கூடவே ஒருவர் இருந்தாக வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 87ஆம் பிரிவில் இதைச் சொல்கிறது. பெண் பிள்ளையின் பொறுப்பாளர் ஆணாக இருந்தால், உடன் தங்க ஒரு பெண்ணை அவர் அமர்த்த வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் படுக்க வைக்கக் கூடாது. சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியம் அதைக் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும். இவ்வளவையும் யோசித்து எழுதிய சட்டம் அது. கூட இருக்கும் அந்த அம்மா எப்போது தூங்குவாள், அவளுக்கு யார் ஒரு வாய் சோறு வாங்கி வருவார்கள், பிள்ளை ராத்திரி இரண்டு மணிக்கு "நீ என் அம்மாவே இல்லை" என்று கத்தினால் அவள் என்ன பதில் சொல்வாள் என்பதற்கு அதில் பிரிவு கிடையாது. மனநல சமூகப் பணியாளராக நான் செய்த வேலையில் பெரும்பகுதி, அந்த எழுதப்படாத பிரிவில்தான் நடந்தது.

உறவினரை வார்டில் தங்க வைக்கும் வழக்கம் இந்தச் சட்டத்துக்கு வெகு முந்தையது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்து, வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். போதிய ஊழியர்கள் இல்லாத குறைதான் அதற்கு முதல் காரணம். குடும்பம் பக்கத்தில் இருந்தால் நோயாளி சீக்கிரம் தேறுவதையும், குடும்பத்தின் பயம் குறைவதையும் அவர் கண்ணால் பார்த்தார். நம் பக்கத்தில் வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையமும் உறவினரோடு தங்கும் முறையிலேயே வளர்ந்தது. இன்று தமிழ்நாட்டில் எந்த மனநல வார்டுக்குள் நுழைந்தாலும் கட்டிலுக்குக் கீழே ஒரு பாயும், ஜன்னல் கம்பியில் ஒரு ஈரப் புடவையும், மூடி போட்ட ஒரு ஸ்டீல் தூக்கும் இருக்கும். அவை பெற்றோரின் உடைமைகள். நம் நாட்டில் உள்நோயாளிச் சிகிச்சை அவர்கள் தோள்மேல்தான் நிற்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த பொறுப்பு, பெற்றோருக்கு நோயைப் பற்றி விளக்குவது. படம் போட்ட அட்டைகள் வைத்திருந்தேன். மூளை, ரசாயனம், மாத்திரை, மறுபடி நோய் வருவதன் அறிகுறிகள். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், "சரிங்க மேடம்" என்பார்கள். பிறகு குழாயடியில் போய் ஒருவரை ஒருவர் கேட்பார்கள். "உங்க பாப்பா எத்தினி நாளு பேசாம இருந்துச்சு?" "அப்புறம் பேசிச்சா?" எனக்கு வந்த கேள்விகள் நோயைப் பற்றியவை. குழாயடியில் கேட்டவை அவர்கள் பிள்ளையைப் பற்றியவை. அந்த இரண்டாவது பேச்சுக்கு ஓர் இடமும் நேரமும் கொடுப்பதுதான் பெற்றோர் கூட்டம்.

கூட்டத்தை வெளிநோயாளிப் பிரிவு நடக்கும் நாளில் வைத்தோம். அதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் பெற்றோர் மாத்திரை வாங்க ரிவ்யூவுக்கு அழைத்து வருவது அன்றைக்குத்தான். கூட்டத்துக்கென்று தனியாக ஒரு பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் அவர்கள் இழக்க வேண்டியதில்லை. இப்போது வார்டில் தங்கியிருப்பவர்களும், ஆறு மாதம், ஒரு வருடம் முன்பு அதே பாயில் படுத்திருந்தவர்களும் ஓர் அறையில் உட்காருவார்கள். முதல் அரை மணி நேரம் டாக்டர் வர மாட்டார். அவர் உள்ளே வந்தாலே எல்லாரும் எழுந்து நிற்பார்கள், பேச்சு கேள்வி-பதிலாகிவிடும். நான் ஓரமாக உட்கார்ந்திருப்பேன். முன்னால் போய்வந்த ஓர் அம்மாவோ அப்பாவோதான் பேச்சை ஆரம்பிப்பார்.

என்ன பேசுவார்கள்? ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்வார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஆறுதலும் உண்டு. அதைவிட அதிகமாக அங்கே கைமாறியது நுணுக்கம். க்ளோசபின் சாப்பிடும் பையனுக்குத் தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனைந்துபோகும். "ரெண்டு துண்டு வச்சிக்கோங்க. ஒண்ணு தலைகாணி மேல, ஒண்ணு நடுராத்திரி மாத்த. அவன் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க, கூச்சப்படுவான்." அந்த மருந்துக்கு முதல் 18 வாரமும் வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஊசியைப் பார்த்தாலே ஓடும் பிள்ளையை எப்படி அழைத்துப் போவது என்பதை ஓர் அப்பா சொல்லிக்கொடுத்தார். ஓலான்சபின் கொடுத்தால் பசி அடங்காது. ராத்திரி பத்து மணிக்கு மகள் அடுப்படியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். "திட்டாதீங்க, அது மாத்திரை பசி. வெள்ளரிக்காயும் மோரும் கைக்கு எட்டுற மாதிரி வச்சிடுங்க, முறுக்கு டப்பாவ மேல ஏத்திடுங்க." ரிஸ்பெரிடோன் எடுக்கும் சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், சிலருக்கு மார்பில் பால்கூடக் கசியும். மருந்தின் விளைவு அது, டாக்டரிடம் சொன்னால் மாற்ற வழி இருக்கிறது. ஆண் டாக்டரிடம் அதைச் சொல்ல வாய் வராமல், மகளுக்கு வேறு ஏதோ நடந்துவிட்டதென்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த ஓர் அம்மாவிடம், பக்கத்துக் கட்டில் அம்மா காதோடு சொன்ன இரண்டு வாக்கியம் அவளை அன்றிரவு தூங்கவைத்தது. என் அட்டையிலும் அந்தத் தகவல் இருந்தது. தன் மகளுக்கு அதே நடந்த ஒருத்தி சொன்னபோதுதான் அது அவளுக்குள் இறங்கியது.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தன்னை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளையோடு வார்டுக்கு வரும் தாய் தூங்கவே மாட்டாள். முந்தானை நுனியை மகளின் கையில் சுற்றிக்கொண்டு, அது இழுபட்டால் எழுந்துவிடலாம் என்று கண்ணை மூடியபடி கிடப்பாள். மூன்றாம் நாள் அவளே நோயாளி மாதிரி ஆகிவிடுவாள். நர்ஸ் சுற்றி வருகிறார் என்று நாங்கள் சொன்னால் நம்ப மாட்டாள். எதிர்க் கட்டிலில் இருக்கும் அம்மா, "நீ ரெண்டு மணி வரைக்கும் படும்மா, நான் முழிச்சிருக்கேன். அப்புறம் நான் படுக்கிறேன்" என்றால் மட்டும் படுப்பாள். பெற்றோர் பெற்றோருக்குச் செய்யும் உதவியின் ஆணிவேர் இந்த முறைத் தூக்கம்தான் என்று நான் நினைக்கிறேன்.

அப்படி வருபவர்களுக்குப் போலீஸ் பயமும் சேர்ந்தே இருக்கும். பிள்ளைமேல் கேஸ் வருமா, கல்யாணத்துக்குத் தடையாகுமா என்று அப்பாக்கள் வராந்தாவில் கிசுகிசுப்பார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. இதை நான் படித்துக் காட்டுவேன். "எங்க வீட்டுக்கும் விசாரிக்க வந்தாங்க, எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க, அவ்வளவுதான். இப்ப என் பொண்ணு தனித்தேர்வரா பிளஸ் டூ எழுதிட்டா" என்று இன்னொருவர் சேர்ப்பார். இரண்டும் வேண்டும்.

கூட்டத்தில் திரும்பத் திரும்ப வருவது பழி. வளர்த்த விதம் சரியில்லை, அதிகம் செல்லம், அதிகம் கண்டிப்பு, அம்மா வேலைக்குப் போனாள், அப்பா குடித்தார். உறவினர் சொல்வது ஒரு பக்கம் இருக்கட்டும். மருத்துவமே ஒரு காலத்தில் அப்படிப் பேசியது. 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு கருத்தை எழுதிவைத்தார். ஆதாரமில்லாத அந்தக் கருத்து எத்தனையோ தாய்மார்களைச் சுட்டுவிட்டுப் பிறகு கைவிடப்பட்டது. பின்னால் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் வேறு ஒன்றைக் கண்டார்கள். நோயை உண்டாக்குவது வீடல்ல. ஆனால் ஓயாத குறைகூறலும் பகையும் மூச்சுமுட்டும் கண்காணிப்பும் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று அவர்களின் 1972 ஆய்வு காட்டியது. சண்டிகர் குடும்பங்களைப் பார்த்து 1987இல் வெளியான ஆய்வு, அங்கே அப்படிப்பட்ட வீடுகள் லண்டனைவிடக் குறைவு என்றது.

இந்த ஆய்வுகளைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வது என்பது என் தொழிலின் கடினமான பாகம். "குறை சொல்லாதீர்கள்" என்று நான் சொன்னால், குற்றம் தங்களுடையது என்றே அவர்கள் காதில் விழும். அதே விஷயம் கூட்டத்தில் வேறு உருவில் வரும். திருவண்ணாமலைப் பக்கத்து அம்மா ஒருவர் சொன்னார்: "காலையில எழுப்புறதுக்கு நான் பத்து தடவ கூப்புடுவேன். பத்தாவது தடவ வாயில வராத பேச்செல்லாம் வரும். இப்ப ரெண்டு தடவதான். அதுக்கப்புறம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிடுவேன். அவன் பத்து மணிக்கு எழுந்திருக்கிறான், எழுந்திருக்கட்டும்." அறையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர் மட்டும், "எங்க வீட்ல மாடு இல்லியே" என்றார். "மொட்ட மாடிக்குப் போங்க" என்று பதில் வந்தது. இதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்துவிட முடியாது.

அப்பாக்கள் கதவோரம் நிற்பார்கள். உட்காரச் சொன்னால் "பரவால்லீங்க" என்பார்கள். பலருக்கு வார்டு என்பது பணம் கட்டும் இடமும் டிஸ்சார்ஜ் நாளும்தான். லாரி ஓட்டும் ஒருவர், மகனைச் சேர்த்த பிறகு இரண்டு லோடு கூடுதலாக எடுத்தார், வீட்டுக்கு வருவதையே குறைத்தார். அவர் மனைவி அதைக் கல்மனம் என்று நினைத்தாள். அவரோடு பேசக்கூடியவர் இன்னொரு அப்பாதான் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை அனுப்பினேன். அவர்கள் டீக்கடையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. அடுத்த கூட்டத்தில் லாரிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்ன வயசுல அவன பெல்ட்டால அடிச்சிருக்கேன்" என்றார். யாரும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. வாத்தியார் மெதுவாக, "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அப்பாக்கள் அதிகம் அதிர்ந்துபோவது மகனின் பதினெட்டாவது பிறந்தநாளில். நேற்றுவரை தன் கையெழுத்தில் சிகிச்சை நடந்தது. இன்று முதல் அவன் பெரியவன். தானாக வந்து சேர்ந்தவனாகக் கருதப்பட்டால், வீட்டுக்குப் போகக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு. மிஞ்சிப்போனால் 24 மணி நேரம் மதிப்பீட்டுக்காக நிறுத்திவைக்கலாம். சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதியை அவனே தேர்ந்தெடுக்கலாம், அது அப்பாவாக இருக்க வேண்டும் என்பதில்லை. "என் புள்ளைக்கு நான் யாரு அப்ப?" என்று ஒருவர் என் மேசையில் கையை ஊன்றிக் கேட்டார். சட்டத்தின் நியாயம் எனக்குத் தெரியும். மனநோயாளி என்ற பெயரில் எத்தனை பேரைக் கேட்காமல் கட்டிப்போட்ட நாடு இது. கூட்டத்தில் ஓர் அம்மா தன் அனுபவத்தைச் சொன்னார். அவர் மகள் பதினெட்டானதும் சித்தியைப் பிரதிநிதியாக எழுதிக்கொடுத்தாள். அம்மாவுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. பிறகு பார்த்தால், மாத்திரைச் சண்டைகள் சித்தியோடு போயின. மகள் அம்மாவிடம் வேறு விஷயங்களைப் பேச ஆரம்பித்தாள்.

கோயில், தர்கா பற்றிய பேச்சு வந்தால் தடுப்பதில்லை. குணசீலம் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் இருந்தவர்கள், ஏர்வாடி தர்காவில் கயிறு கட்டியவர்கள் எல்லாரும் அந்த அறையில் இருப்பார்கள். ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வரும். சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் தீயில் கருகினார்கள், 28 உயிர். அதனால்தான் புதிதாக வரும் பெற்றோரின் முதல் கேள்வி இன்றும் "கட்டிப் போடுவீங்களா?" என்பதாக இருக்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று சட்டம் தடுத்துவிட்டது. ஏர்வாடியிலேயே இப்போது பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. "சாமிய விடச் சொல்லல, மாத்திரைய விட்றாதீங்க" என்பது கூட்டத்தில் பழகிப்போன பேச்சு.

இரண்டு கட்டுப்பாடுகளை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மாத்திரையால் வரும் தொல்லையைப் பேசலாம், மில்லிகிராம் பேசக்கூடாது. "உங்க பையனுக்கு அஞ்சு, என் பையனுக்குப் பதினஞ்சா?" என்று ஆரம்பித்தால் வீட்டுக்குப் போய்ப் பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். மற்றது, தன் பிள்ளை ஒரே மாதத்தில் தேறியதை உற்சாகமாகச் சொல்பவரை, மூன்றாவது முறையாக வார்டுக்கு வந்திருக்கும் பெற்றோரின் பக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன். யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதுதான் அந்த அறையில் என் முக்கிய வேலை. ஒரே நோய் என்பதைவிட ஒரே கட்டம் முக்கியம். முதல் வாரத்தில் இருக்கும் தாய்க்கு, நான்கு மாதம் முன்னே போனவள் வேண்டும். பத்து வருடம் முன்னே போனவளின் நிதானம் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்.

ஒரு பையன் வீட்டுக்குப் போன சில வாரங்களில் உயிரை விட்டான். அவன் அம்மாவை அந்த வார்டில் எல்லாருக்கும் தெரியும். செய்தி குழாயடிக்கு வருமுன் நானே கூட்டத்தில் சொன்னேன். டிஸ்சார்ஜுக்குப் பிறகான முதல் வாரங்கள் ஆபத்து அதிகமானவை, அது எங்களுக்கும் தெரிந்த உண்மை, உங்களுக்கும் தெரிய வேண்டும் என்றேன். அன்று பெற்றோர் வேறெதையும் பேசவில்லை. பூச்சிமருந்தை ஊரில் யார் வீட்டில் பூட்டி வைப்பது, மாத்திரைப் பெட்டியின் சாவியை யார் இடுப்பில் வைத்திருப்பது, பிள்ளையிடம் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்கலாமா என்று கேட்டார்கள். கேட்கலாம், கேட்டால் அந்த எண்ணம் வளராது, கேட்கத்தான் வேண்டும். 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணை எல்லாரும் கைபேசியில் பதிந்துகொண்டார்கள். நான்கு பெற்றோர் அந்த அம்மாவின் ஊருக்குப் போய்வந்தார்கள். நாங்கள் போனால் மருத்துவமனை வந்ததாக இருந்திருக்கும்.

பிற்பாடு நான் சென்னைக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் வேலை பார்த்தேன். பதினெட்டைக் கடந்த இளைஞர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள், பெற்றோர் விட்டுவிட்டுப் போவார்கள். வார்டில் பெற்றோரின் துன்பம் பிள்ளையின் பக்கத்தில் இருப்பது. இங்கே துன்பம், பக்கத்தில் இல்லாமலிருப்பது. வாரத்தில் குறிப்பிட்ட நாளில் போன், மாதம் ஒரு ஞாயிறு பார்க்க அனுமதி. போனில் மகன் "கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். அன்றே பஸ் ஏறி வந்து, அழைத்துப் போய், பத்து நாளில் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. பழைய பெற்றோர் ஒருவரின் எண்ணைக் கொடுத்து, "அந்த போன் வந்ததும் எனக்குக் கூப்பிடாதீங்க, அவருக்குக் கூப்பிடுங்க" என்போம். அவர் அழைத்துப் போகாதே என்று சொல்ல மாட்டார். "ராத்திரி தாண்டட்டும், காலையில முடிவு பண்ணலாம்" என்பார்.

அந்த ஞாயிறுக் கூட்டங்களில்தான், வேறெங்கும் சொல்ல முடியாததைப் பெற்றோர் சொன்னார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டுத் தூங்க முடிகிறது. இளையவள் தோழிகளை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். இதைச் சொல்லிவிட்டுத் தலைகுனிவார்கள். சுற்றியிருப்பவர்கள் தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அதோடு ஒரு பயிற்சியும் செய்வோம். உறவினர் கல்யாணத்தில் "பெரியவன் எங்க, காணோம்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம். துபாய் போயிருக்கிறான் என்ற பொய் நிற்காது, இன்னும் பத்துப் பொய் கேட்கும். "உடம்புக்கு முடியாம இருந்தான், சிகிச்சையில இருக்கான், இப்ப தேவலை." இதை எல்லாரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்கள். கடைசிச் சொல்லில் பலருக்குக் குரல் உடையும். உடையாமல் வரும்வரை சொல்வோம்.

சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பை 1984இல் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் குடும்பங்களைச் சிகிச்சையின் பங்காளிகளாக நடத்தினார். ஆஷா போன்ற அமைப்புகளைக் குடும்பத்தாரே நடத்துகிறார்கள். ஆனால் வளர்ந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் கிடைத்த அந்த இடம், பதின்வயதுப் பிள்ளையோடு பாயில் படுத்திருக்கும் பெற்றோருக்கு இன்னும் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பல மாநிலங்கள், இதே பாதையைக் கடந்துவந்த பெற்றோரைப் பயிற்றுவித்து, சம்பளத்தோடு பணியில் வைக்கின்றன. மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் அதற்குப் பணம் தருகிறது. இங்கே அந்த வேலையைச் செய்யும் அம்மாவுக்கு நாங்கள் ஒரு சால்வை போர்த்துகிறோம். ஊசி போடுகிறவருக்கும் தரை துடைக்கிறவருக்கும் ஊதியப் பட்டியலில் வரி இருக்கும்போது, ராத்திரி இரண்டு மணிவரை அடுத்தவள் மகளுக்காக விழித்திருந்தவளுக்கும், அதைப் பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவளுக்கும் ஒரு வரி வேண்டும். சேவை மனப்பான்மை என்று புகழ்ந்து அதைத் தள்ளிவைக்கக் கூடாது. அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறவர்கள் அவர்கள்.

இப்போது நான் கூட்டம் நடத்துவதில்லை. நடத்தப்போகிறவர்களுக்குப் பயிற்சி தருகிறேன். போன மாதம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் புதிதாகத் தொடங்கும் கூட்டத்துக்கு, முன்னின்று பேச ஓர் அம்மா ஒப்புக்கொண்டார். அவர் மகன் இப்போது பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறான். என்ன வேண்டும் என்று கண்காணிப்பாளர் கேட்டபோது அவர் கேட்டவை: கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, அந்த நேரத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ், பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும். அறையும் நர்ஸும் அன்றே கிடைத்தன. கூலிக்கான கோப்பு மேலே போயிருக்கிறது.